பனிமூட்டத்துக்கு 256 நிறம் போதாது

கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டி லெம்பா பெர்த்தாம் பக்கம் இறங்குகிறவர்கள் கைபேசியை வெளியே எடுப்பது பெரும்பாலும் இரண்டு காட்சிகளுக்காகத்தான். ஒன்று, சரிவில் வரிவரியாக வளைந்து போகும் தேயிலை. மற்றது, அதன்மேல் வந்து கவியும் பனிமூட்டம். அதே பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு நிற்கும் காய்கறித் தோட்டங்களின் வெளிறிய பிளாஸ்டிக் கூரைகளை யாரும் படமெடுப்பதில்லை. அவை சட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்றுதான் ஆளாளுக்குத் தள்ளி நின்று கோணம் பார்க்கிறார்கள்.

எடுத்த இரண்டு விநாடி வீடியோவை ஜிஃப் ஆக்கும்போது இந்த ரசனை தலைகீழாகிவிடுகிறது. பனிமூட்டம் படிக்கட்டு படிக்கட்டாக உடைகிறது. தேயிலைச் சரிவு கோப்பை ஊதிப் பெருக்குகிறது. யாரும் சீந்தாத அந்த பிளாஸ்டிக் கூரை மட்டும் சின்னக் கோப்பாகச் சுருங்கி, துளிக்கூடக் கெடாமல் வந்து சேர்கிறது. கேமரன் மலையின் அழகுக்கும் ஜிஃபுக்கும் ஏன் இப்படிப் பொருத்தமே இல்லை? பதிலைத் தேடினால் 1987க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. உருவாக்கிய குழுவின் தலைவர் ஸ்டீவ் வில்ஹைட். வெவ்வேறு கம்பெனிகளின் கணினிகள் ஒன்றின் படத்தை மற்றொன்று திறக்க முடியாமல் கிடந்த காலம் அது. எல்லாக் கணினியிலும் திறக்கக்கூடிய, தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பக்கூடிய ஒரு வண்ணப் படம் வேண்டும் என்பதே தேவை. அசையும் படம் யாருடைய நினைப்பிலும் இல்லை.

தொலைபேசிக் கம்பி எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஒரு கணக்கு. கைபேசி விநாடிக்கு 30 பிரேம் எடுக்கிறது. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு விநாடிக்கு 20 பிரேம். ஒவ்வொன்றும் 480க்கு 270 புள்ளி என்று சிறிதாக்கிக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்றாலும் மொத்தம் 25,92,000 பைட். அன்றைய 2,400 பிட் மோடம் விநாடிக்கு ஏறத்தாழ 240 பைட் கடத்தும். சுருக்காமல் அனுப்பியிருந்தால் நம் இரண்டு விநாடிப் பனிமூட்டம் போய்ச்சேர மூன்று மணி நேரம். பஸ் ஏறிப்போய் நேரில் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

ஆகவே வில்ஹைட் குழு இரண்டு சிக்கனங்களைச் செய்தது. முதல் சிக்கனம் நிறத்தில். சாதாரணமாக ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்லச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா ஒரு பைட் வேண்டும். அதில் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள் அடங்கும். ஜிஃப் அதற்குப் பதிலாக 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கோப்பின் தலையில் எழுதிவைத்துக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பட்டியலில் எத்தனையாவது நிறம் என்ற எண் மட்டும் போதும். எந்த 256 என்பதைப் படத்துக்குப் படம் நாமே தேர்ந்துகொள்ளலாம். எண்ணிக்கை மட்டும் கூடக் கூடாது.

இரண்டாவது சிக்கனம் சுருக்குவதில். எனக்கு ஜிஃபில் பிடித்த பகுதியே இதுதான். லெம்பெல், ஸிவ் என்ற இருவர் 1978இல் வகுத்த வழியை டெர்ரி வெல்ச் 1984இல் செம்மைப்படுத்தினார். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எல்இசட்டபிள்யூ என்பார்கள். பழைய கூட்டாளிகள் இருவர் பேசிக்கொள்வதைப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பீர்கள். ஒரு சம்பவத்தை முதல் தடவை முழுதாகச் சொல்வார்கள். மறுதடவை ‘அன்றைக்கு ரிங்லெட்டில் நடந்தது’ என்றால் போதும். அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டால், அதற்கடுத்த தடவை இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல். எல்இசட்டபிள்யூவும் இப்படித்தான். புள்ளிகளை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அதே தொடர் மறுபடி வந்தால் எண்ணை மட்டும் எழுதுகிறது. இப்படி 4,096 எண்கள் வரை போகலாம்.

வியப்பு எங்கே என்றால், இந்தக் குறிச்சொல் அகராதியைக் கோப்போடு அனுப்ப வேண்டியதே இல்லை. வாங்குகிற கணினி ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டே வருவதால் அதே அகராதியை அதே வரிசையில் தானும் கட்டிக்கொள்கிறது. ஒரு பிட்கூடத் தொலையாமல் மூலம் அப்படியே திரும்புகிறது. (இந்த வழிக்கான காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 கடைசியில் அது கட்டணம் கேட்க ஆரம்பித்ததும் கொதித்தவர்கள் உருவாக்கியதுதான் பிஎன்ஜி என்ற பட வடிவம். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது.)

இப்போது பிளாஸ்டிக் கூரை ஏன் ஜெயிக்கிறது என்று தெரிந்திருக்கும். ஒரே வெளிர்நிறம் நூறு புள்ளிக்கு நீண்டால் அது ஒரு சில எண்களில் அடங்கிவிடுகிறது. தேயிலையும் வரிசை வரிசையாகத்தானே இருக்கிறது, அது ஏன் அடங்குவதில்லை என்று கேட்கலாம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சரிவுகள் சீவிச் சீவி மட்டமாக வைக்கப்பட்டவைதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘ஒரே மாதிரி’ என்பது நம் கண் சொல்கிற தீர்ப்பு. எல்இசட்டபிள்யூவுக்கு மாதிரி என்பதே கிடையாது. அதே எண், அதே வரிசையில், அச்சுப் பிசகாமல் வர வேண்டும். ஒரு கொழுந்தில் வெயில், பக்கத்துக் கொழுந்தில் நிழல், அடுத்ததில் ஒரு துளி நீர் என்று புள்ளிக்குப் புள்ளி மாறும் சரிவில் அது எதையும் மறுபடி சந்திப்பதில்லை. புதிய தொடர்களாகவே குவிந்து அகராதி நிரம்பிப்போகிறது; பெரும்பாலும் அதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பனிமூட்டத்தின் சிக்கல் வேறு. அதில் நுணுக்கமான உருவம் எதுவும் இல்லை. சாம்பல் மெல்ல வெளுத்து, வெளுப்பு மெல்ல நீலமாகி, எங்கே மாறியது என்று தெரியாமல் மாறிக்கொண்டே போகிறது. அதே சட்டத்தில் தேயிலையும் இருந்தால் 256 நிறத்துக்குள் பங்காளிச் சண்டை. நிறப்பட்டியலைத் தேர்ந்தெடுக்கப் பரவலாக வழங்கும் முறைகளில் ஒன்று, பால் ஹெக்பெர்ட் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்தது. படத்திலுள்ள நிறங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, புள்ளிகள் சரிபாதியாகப் பிரியும் இடத்தில் வெட்டி, அந்தப் பாதிகளை மறுபடி வெட்டி, 256 பெட்டியாகும்வரை போவது. இது ஜனநாயகம். அதிகப் புள்ளி யாருக்கோ அவர்களுக்கு அதிக நிறம். சட்டத்தின் முக்கால் பங்கு தேயிலை என்றால் பட்டியலின் பெரும்பகுதி பச்சையிலேயே தீர்ந்துவிடும். மிச்சமுள்ள சிலவற்றில் பனிமூட்டம் முழுவதும் அடங்க வேண்டும்; அதனால்தான் பட்டை பட்டையாகப் படிக்கட்டு விழுகிறது. கொழுந்து வெட்டுகிறவர் தலையில் கட்டியிருக்கும் சிவப்புத் துணி நாற்பது ஐம்பது புள்ளிதான் இருக்கும். ஜனநாயகத்தில் அதற்கு ஓட்டு இல்லை. காவியேறிப் பழுப்பாகிவிடும்.

படிக்கட்டை மறைக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. இல்லாத நிறத்தை, இருக்கிற இரண்டு நிறப் புள்ளிகளைக் கலந்து தூவி, தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணையே கலக்கச் செய்வது. செய்தித்தாளில் அச்சாகும் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிவதும் இதுதான். 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் சொன்ன வழி: ஒரு புள்ளிக்குச் சரியான நிறம் கிடைக்காதபோது ஏற்படும் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளின் தலையில் பிரித்துக் கட்டிவிடுவது. ஒற்றைப் படத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். அசையும் படத்தில், எங்கோ ஓரத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பிழை ஓடும் பாதை மாறி, பிரேமுக்குப் பிரேம் தூவல் இடம் மாறிக்கொண்டிருக்கும். பனிமூட்டத்தில் எறும்பு மொய்த்தது போலாகிவிடும்.

அசையும் படத்துக்கு ஏற்றது அதற்கும் முந்தைய ஒரு முறை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1973இல் எழுதியது. புள்ளி எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கென்று ஒரு நிலையான வரம்பு. அந்த வரம்புக் கட்டம் படம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் என்ன நடந்தாலும் இந்தப் புள்ளி அசையாது. கட்டம் திரும்ப வருவதால் எல்இசட்டபிள்யூவுக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைக்கிறது. இதே பேயர்தான் டிஜிட்டல் கேமரா உணரியின் மேல் விரிக்கும் வண்ணவடிகட்டியையும் வடிவமைத்தவர். இன்றைய கைபேசிகளில் பெரும்பாலும் அதுவோ அதன் வழிவந்ததோதான் இருக்கிறது. அதில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மனிதக் கண்ணுக்குப் பச்சையில் கூர்மை அதிகம் என்பதால் அப்படி. தேயிலையைப் படம்பிடிக்கும்போது உள்ளே நுழைகிற வழியிலும், ஜிஃபாக வெளியேறுகிற வழியிலும் அந்த மனிதர் நிற்கிறார்.

ஆனால் எந்தத் தூவலாக இருந்தாலும் அதற்கு விலை உண்டு. படிக்கட்டு விழுந்த பனிமூட்டத்தில் ஒரே நிறம் நீளமாக ஓடும். எல்இசட்டபிள்யூ அதை லட்டு மாதிரி விழுங்கும். தூவினால் அழகு வரும், கோப்பு வீங்கும். நிறச் சிக்கனமும் சுருக்கும் சிக்கனமும் ஒன்றின் காலை மற்றொன்று மிதித்துக்கொள்கிற இடம் இது.

நிறம் போதும், அசைவுக்கு வருவோம். 1989இல் வந்த 89ஏ பதிப்பில் ஒவ்வொரு படத்தையும் எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது என்று எழுத இடம் கொடுத்தார்கள். விநாடியில் நூறில் ஒரு பங்குதான் அலகு. அதே ஆவணம், ஜிஃப் அசையும் படங்களுக்கான மேடையாகக் கருதப்படவில்லை, வேண்டுமானால் ஓரளவுக்குச் செய்யலாம் என்று கைகழுவியும் வைத்திருக்கிறது. உலகம் அந்த வாக்கியத்தைப் படிக்கவில்லை. முடிவில்லாமல் சுற்றும் வசதிகூட மூல விதியில் கிடையாது. செயலிகள் தங்கள் சொந்தக் குறிப்புகளைப் போட்டுக்கொள்ள விட்டிருந்த காலி இடத்தில், 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்ணை எழுதியது. பூஜ்யம் என்றால் ஓயவே ஓயாது. இன்றும் சுற்றும் ஜிஃப் கோப்புகளுக்குள் செத்துப்போன அந்த உலாவியின் பெயர் இருக்கிறது.

நூறில் ஒரு பங்கு என்ற அலகில் ஒரு வில்லங்கம். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 3.33. ஜிஃபில் தசமம் கிடையாது. எல்லாவற்றுக்கும் 3 போட்டால் கொழுந்து வெட்டும் கத்தரி நிஜத்தைவிட வேகமாக ஓடும். 4 போட்டால் தூங்கும். 3, 3, 4 என்று மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று பிரேமுக்குச் சரியாகப் பத்து. இன்னொன்று: மிக வேகமாக ஓடட்டும் என்று ஆசைப்பட்டு 1 போட்டால் உலாவிகள் அதை ஏற்காமல் 10 என்று எடுத்துக்கொள்ளும். அதிவேகம் கேட்டவருக்கு ஆமை வேகம்.

விநாடிக்குப் பத்துப் படம் தனித்தனியாக மாறுவதை நாம் ஏன் அசைவாகப் பார்க்கிறோம்? கண்ணில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதால் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். தங்குவது மட்டும்தான் காரணம் என்றால், படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். 1912இல் மாக்ஸ் வெர்த்தைமர் காட்டியது போல, இங்கே ஒன்று மறைந்து அங்கே ஒன்று தோன்றினால், இடையில் நடந்த பயணத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இந்தப் பலவீனத்தை முதலில் காசாக்கியது ஜிஃப் அல்ல. 1832இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் வியன்னாவின் சைமன் ஸ்டாம்பஃபரும் ஒருவரையொருவர் அறியாமல், விளிம்பில் துளைகள் வெட்டிய வட்டத்தட்டில் படங்களை வரைந்து, கண்ணாடி முன் சுழற்றிப் பார்க்கும் பொம்மையைக் கண்டுபிடித்தார்கள். தட்டு வட்டம், ஆகவே ஆட்டக்காரர் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே இருப்பார், ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. சினிமா பிறப்பதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே ஜிஃபின் உடல்மொழி தயாராக இருந்தது.

சரி, லெம்பா பெர்த்தாமில் நின்றுகொண்டு எதைப் பிடிப்பது? முதல் விதி, கேமரா அசையக் கூடாது. நாம் வாட்ஸாப்பில் ‘ஜிஃப்’ என்று அனுப்பும் ஆறேழு விநாடித் துண்டு உண்மையில் ஜிஃபே அல்ல. ஒலி நீக்கிய எம்பி4 வீடியோ. வீடியோவுக்கு நகர்வு புரியும். ‘இந்தச் சதுரம் முன்பு அங்கே இருந்தது, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்’ என்று எழுதத் தெரியும். அசல் ஜிஃபுக்கு அந்த மொழி கிடையாது. அதற்குத் தெரிந்தது பழைய படத்தின்மேல் புதிய புள்ளிகளை ஒட்டுவது மட்டும். கை ஒரு மயிரிழை ஆடினாலும் சரிவிலுள்ள அத்தனை இலையும் புதுப்புள்ளியாகி, முழுப்படத்தையும் மறுபடி எழுத வேண்டிவரும். கைபேசியைக் கல்லின்மேல் நிறுத்திவைத்து எடுத்தால், மாறாத புள்ளிகளை எல்லாம் ‘ஒளிபுகும்’ என்று ஒரே எண்ணால் குறித்துவிடலாம். அந்த எண் வரிசையாக ஓடும்போது எல்இசட்டபிள்யூவுக்குக் கொண்டாட்டம். 2011இல் நியூயார்க்கின் ஜேமி பெக்கும் கெவின் பர்க்கும் இதையே கலையாக்கினார்கள்: முழுப்படமும் புகைப்படம் போல நிற்க, ஒரு முடிக்கற்றை மட்டும் காற்றில் அசையும். தேயிலைச் சரிவை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சரிவைச் சிலையாக்கிவிட்டு, ஒரே ஒரு கத்தரியை மட்டும் அசையவிடுவது.

அந்தக் கத்தரியைப் பற்றி ஒரு சொல். ஒரு காலத்தில் தமிழ்க் கைகள் விரலால் கிள்ளிய கொழுந்தை இன்று கத்தரியாலும், இரண்டு பேர் பிடித்து நடக்கும் மோட்டார் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். பலர் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். இரண்டு விநாடிச் சுற்றில் மாட்டிக்கொண்டவர் ஓய்வில்லாமல் வெட்டிக்கொண்டே இருப்பார், நிமிர மாட்டார், வியர்வை துடைக்க மாட்டார். வேலை செய்கிற ஓர் ஆளை இயந்திரமாக்கிக் காட்டுவது இந்த வடிவத்தின் இயல்பு. கேட்டுவிட்டு எடுப்பது குறைந்தபட்ச மரியாதை. முகம் இல்லாமல் எடுப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது விதி, எங்கே தொடங்கியதோ அங்கே வந்து முடிய வேண்டும். கத்தரி திறந்து மூடி மறுபடி திறக்கும். ஆனால் அதைப் பிடித்திருப்பவர் ஓரடி முன்னே போயிருப்பார். ஆகவே சுற்றில் ஒரு துள்ளல் தெரியும். முன்னே ஓட்டிப் பின்னே ஓட்டும் வழியும் உண்டு. 2015இல் இன்ஸ்டாகிராம் ‘பூமராங்’ என்று பரப்பியது அதைத்தான். தேயிலையில் அதைச் செய்தால் வெட்டிய கொழுந்து பையிலிருந்து எழுந்து செடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அருவியில் செய்தால் நீர் மேலேறும். ஆனால் மெல்ல நகரும் பனிமூட்டத்தைப் பின்னோக்கி ஓட்டினால் யாருக்கும் தெரியாது. உடைந்த முட்டை ஒட்டினால் காலம் திரும்புகிறது என்று சட்டெனக் கண்டுபிடிக்கும் நம் கண்ணுக்கு, கலையும் மூட்டத்துக்கும் கூடும் மூட்டத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. நிறத்தில் நம்மைப் படுத்திய பனிமூட்டம் சுற்றில் இப்படிக் கைகொடுக்கிறது.

குறையே சொல்ல முடியாத சுற்று வேண்டுமென்றால் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போக வேண்டும். வாடிய கொழுந்தைக் கசக்கிச் சுருட்டும் உருட்டு இயந்திரம் வட்டமிட்டுச் சுழல்கிறது. சுற்றியுள்ள தரையும் சுவரும் அசைவதில்லை. நிமிடத்துக்கு 45 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி, அதாவது 30 பிரேம் கணக்கில் 40 பிரேம். நான்கில் ஒன்றை எடுத்தால் பத்துப் படத்தில் சுற்று முடிந்துவிடும். 41ஆவது பிரேமையும் சேர்த்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அது முதல் பிரேமின் மறுபதிப்பு. சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரம் திக்கும்.

ஜிஃபுக்குக் குரல் இல்லை. தமிழர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வடிவேலுவின் முகம் இரண்டு விநாடி அசைந்தால் போதும், வசனம் காதில் தானே ஓடும். 2001இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் அவர் நடித்த நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சி, பதினெட்டு ஆண்டு கழித்து 2019 மே மாதம் உலகம் முழுவதும் ட்விட்டரில் பரவியதே, அது சத்தத்தால் பரவியதல்ல. இதை நினைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் இதற்கு முன் பார்த்தே இராத ஊமைப் படத்திலும் சிலருக்குச் சத்தம் கேட்கிறது. 2017 டிசம்பரில் ஒரு ஜிஃப் பரவியது. இரண்டு மின்கோபுரங்கள் கம்பியைக் கயிறாகச் சுழற்ற, நடுவில் மூன்றாவது கோபுரம் குதித்துக் குதித்துத் தாண்டுகிறது. அது தரையில் இறங்கும்போதெல்லாம் படம் குலுங்குகிறது. பார்த்தவர்களில் பலர் ‘தொம்’ என்ற சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்னிட்ஜும் ஃப்ரீமேனும் 2018இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இப்படிப்பட்ட ஊமைத் துண்டுகளைக் காட்டி விசாரித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கேட்கிறது என்றார்கள். கண்ணுக்கான வேலையைச் செய்யும் மூளைப் பகுதி கொஞ்சம் வழிந்து காதுக்கான பகுதியையும் தொட்டுவிடுகிறது போலிருக்கிறது. கேமரா ஆடக் கூடாது என்று மேலே சொன்னேன். கோபுரம் குதிக்கும் அந்த ஜிஃபில் வேண்டுமென்றே கொடுத்த ஆட்டம்தான் ‘தொம்’ என்று கேட்கிறது. கோப்பு பெரிதானாலும் இங்கே அந்த ஆட்டம் வேண்டியதுதான்.